ராலியில் ஜெயிப்பது வேறு, சாம்பியன் ஆவது வேறு

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை காலை. உலக ராலி சாம்பியன்ஷிப்பின் அந்த வருடத்துக் கடைசிப் போட்டி ஜப்பானின் மலைச்சாலைகளில் முடியும் தறுவாயில் இருந்தது. முதலிடத்தில் இருந்தவர் ஹூண்டாய் அணியின் ஓட் டானக், எஸ்டோனியாக்காரர். அன்றைய முதல் ஸ்டேஜிலேயே அவருடைய கார் சாலையை விட்டு விலகி மோதி நின்றது. அவ்வளவுதான், போட்டி போச்சு.

அந்த ஒரு மோதலால் அதே ஹூண்டாய் அணியின் இன்னொரு ஓட்டுநர், பெல்ஜியத்தின் தியெரி நூவில், உலக சாம்பியன் ஆகிவிட்டார். பட்டத்துக்காக அவரைத் துரத்திக்கொண்டிருந்த ஒரே ஆள் டானக்தான். ஆனால் அதே மோதலால் ஹூண்டாய் நிறுவனம், கார்க் கம்பெனிகளுக்கெனத் தனியாக இருக்கும் தயாரிப்பாளர் கோப்பையை டொயோட்டாவிடம் கோட்டைவிட்டது. கடைசிக் கணக்கு டொயோட்டா 561, ஹூண்டாய் 558. மூன்றே மூன்று புள்ளி. ஒரே வீட்டில் கல்யாணமும் இழவும் ஒரே நாளில் நடந்த மாதிரி.

இதை என் அக்கா மகனுக்கு யூடியூபில் காட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது. "மாமா, கூட இருக்கறவன் இடிச்சுக்கிட்டா இவன் எப்படி ஜெயிப்பான்? ஒருத்தனும் ஒருத்தனை முந்தவே இல்லையே, அப்புறம் இது என்ன ரேஸு?" என்றான். நியாயமான கேள்வி. எனக்கே இது புரியச் சில வருடங்கள் ஆயின. ராலி சாம்பியன் என்றால் யார், அவர் எப்படி உருவாகிறார், அவருக்குப் பின்னால் இருக்கும் அணி என்ன செய்கிறது என்பதை அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. ராலி என்றதும் பேரணி என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. கொடி பிடித்துப் போகிற கூட்டம் கண்ணுக்கு வந்துவிடும். இது கடிகாரத்தோடு ஓடும் ஓட்டம். ஃபார்முலா 1 மாதிரி எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஒன்றாகக் கிளம்புவதில்லை. காட்டுச் சாலையோ மலைச் சாலையோ, பத்து இருபது கிலோமீட்டருக்குப் பொதுப் போக்குவரத்தை நிறுத்தி மூடிவிடுவார்கள். அதற்குப் பெயர் ஸ்டேஜ். ஒரு கார் கிளம்பி இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் அடுத்த கார். ஒவ்வொருவரும் தனியாக ஓட்டி நேரம் பதிக்கிறார்கள். மூன்று நான்கு நாட்களில் இப்படிப் பதினைந்து இருபது ஸ்டேஜ்கள், மொத்தம் சுமார் 300 கிலோமீட்டர். எல்லா நேரத்தையும் கூட்டினால் யாருடையது குறைவோ அவருக்கு முதலிடம்.

ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போவது சாதாரணப் பொதுச் சாலையில். அங்கே லாரியும் பஸ்ஸும் போகும், சிக்னலில் நிற்க வேண்டும், வேகக் கட்டுப்பாட்டை மீறினால் போலீஸ் பிடிக்கும். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த கார் நம்பர் பிளேட்டோடு ஏதோ ஒரு பால் வண்டிக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்துகொண்டிருப்பது ராலியில் மட்டுமே காணக் கிடைக்கும் காட்சி. எனக்கு ஸ்டேஜைவிட இதுதான் பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன்.

ஒரு ராலியில் ஜெயிப்பது இப்படி. பட்டம் இதற்கு மேலே இன்னொரு கூட்டல். வருடத்துக்குப் பதின்மூன்று பதினான்கு ராலிகள். ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவருக்கு 25 புள்ளி, பிறகு படிப்படியாகக் குறைந்து பத்தாவது ஆளுக்கு 1. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும், பவர் ஸ்டேஜ் எனப்படும் கடைசி ஸ்டேஜுக்கும் தனியாகச் சில்லறைப் புள்ளிகள் உண்டு. இந்த விதியை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வருடக் கடைசியில் யார் கையில் அதிகப் புள்ளியோ அவரே சாம்பியன் என்பது மட்டும் மாறாது.

ஆகவே அதிக ராலி ஜெயித்தவர்தான் சாம்பியன் என்று கட்டாயம் இல்லை. நூவில் பட்டம் வாங்கிய 2024-ல் அவர் ஜெயித்தது மாண்டி கார்லோ, கிரீஸ் என்று இரண்டே ராலிகள். அதே வருடம் டொயோட்டாவின் கல்லே ரோவன்பெரா நான்கு ஜெயித்தார். ஆனால் அவர் அந்த வருடம் பாதிப் போட்டிகளுக்குத்தான் வந்தார். வராத ராலிக்குப் புள்ளி ஏது? 2001 இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தின் ரிச்சர்ட் பர்ன்ஸ் வருடம் முழுக்க ஜெயித்தது நியூசிலாந்து ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் கோலின் மக்ரேவும் பின்லாந்தின் டோம்மி மாக்கினெனும் ஆளுக்கு மூன்று ஜெயித்தார்கள். கடைசி ராலிக்கு வரும்போது நான்கு பேருக்குப் பட்ட வாய்ப்பு இருந்தது. மக்ரே வெறியோடு ஓட்டிக் காரை உருட்டினார். பர்ன்ஸ் மூன்றாவதாக வந்து சேர்ந்தார். 44-க்கு 42 என்று பட்டம் பர்ன்ஸுக்கு.

மக்ரே ரசிகர்களுக்கு இன்றும் இது ஆறாத புண். அவர் ஓட்டுவதைப் பார்ப்பது ஆனந்தம், மறுக்கவே முடியாது. ஆனால் ராலியில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஓட்டுநர் மனதுக்குள் ஒரு பேரம் நடந்துகொண்டே இருக்கிறது. இந்த வளைவில் இன்னும் அரை விநாடி மிச்சம் பிடிக்கலாம். பிடிக்கப் போய் ஓரத்தில் புல்லுக்குள் மறைந்திருக்கும் ஒரு கல்லில் சக்கரம் அடித்தால் 25 புள்ளியும் போகும். எந்த அரை விநாடியை விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்தான் வருடக் கடைசியில் கோப்பையைத் தூக்குகிறார்.

அதிலும் முன்னே இருப்பவருக்கே ஒரு தண்டனை உண்டு. இது புதிதாகப் பார்ப்பவர்களுக்கு உடனே பிடிபடாது. வெள்ளிக்கிழமை கார்கள் கிளம்பும் வரிசை புள்ளிப் பட்டியல் வரிசைதான். பட்டியலில் முதலாவது இருப்பவர் முதலில் கிளம்ப வேண்டும். மண் சாலையில் நடக்கும் ராலிகளில் மேலே பொடிச் சரளை பரவிக் கிடக்கும். முதல் கார் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய், அதை இரு பக்கமும் ஒதுக்கிப் பாதை போட்டுக் கொடுக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு அடியில் இருக்கும் கெட்டித் தரை கிடைக்கும். வாசல் பெருக்கிக் கோலம் போட ஒருத்தர், அதில் நடந்து வர ஒருத்தர். கிலோமீட்டருக்கு ஒரு விநாடிகூட இதில் போகலாம். மழை பெய்து மண் இறுகினாலும், மாண்டி கார்லோ மாதிரித் தார்ச்சாலையாக இருந்தாலும் கதை தலைகீழ், முன்னால் போகிறவருக்கு யோகம். வருட ஆரம்பத்தில் நன்றாக ஓட்டுகிற ஒருவர் நடுவில் ஏன் மெதுவாகிவிடுகிறார் என்று யாராவது கேட்டால், பாதிப் பதில் இந்தத் துடைப்பத்தில் இருக்கிறது.

சரி, காருக்குள் போவோம். உள்ளே இரண்டு பேர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கோ-டிரைவர். நம் ஊர் ராலிக்காரர்கள் நேவிகேட்டர் என்பார்கள். போட்டிக்கு முன் சாதாரணக் காரில் ஒவ்வொரு ஸ்டேஜையும் இரண்டு தடவை மெதுவாக ஓட்டிப் பார்க்க அனுமதி உண்டு. அப்போது ஓட்டுநர் வளைவு வளைவாகச் சொல்லச் சொல்ல இவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். போட்டியில் அதையே திருப்பி வாசிப்பார். தமிழில் வாசித்தால் இப்படி இருக்கும்: "நூறு, வலது அஞ்சு, மேடு, அதுக்குள்ள இடது மூணு இறுக்கம், வெட்டாதே, அறுபது..." நூறு, அறுபது என்பதெல்லாம் அடுத்த திருப்பத்துக்கு எத்தனை மீட்டர் என்பது. ஐந்து, மூன்று என்பது வளைவின் கூர்மை. பலருடைய முறையில் எண் குறையக் குறைய வளைவு கூர்மை. "வெட்டாதே" என்றால் உள்பக்கம் ஒட்டிப் போகாதே, அங்கே கல்லோ பள்ளமோ இருக்கிறது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. காதில் விழுவதை நம்பி மணிக்கு 150, 160 கிலோமீட்டரில் மேடேறிப் பறக்கிறார். வாசிப்பவர் ஒரு வரி தவறவிட்டால், ஒரு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டால், அவ்வளவுதான். அதனால் பெரிய சாம்பியன்களின் வாழ்க்கை பெரும்பாலும் ஜோடி வாழ்க்கை. செபாஸ்டியன் லோப் வாங்கிய ஒன்பது பட்டத்திலும் பக்கத்தில் இருந்தவர் டேனியல் எலேனா ஒருவரே. செபாஸ்டியன் ஓஜியேயின் முதல் எட்டில் ஜூலியன் இங்ராசியா. கோ-டிரைவருக்கும் தனியாக உலகப் பட்டம் தருகிறார்கள், ஆனால் நாளிதழில் பெயர் வருவது ஓட்டுநருக்குத்தான். நோட்டை வாசித்தவருக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

லோப் 2022-ல், 47 வயதில், மாண்டி கார்லோ ராலியை ஜெயித்தபோது பக்கத்தில் இருந்தவர் இசபெல் கால்மிஷ், பள்ளிக்கூட ஆசிரியை.

இந்த லோபும் ஓஜியேயும்தான் இந்தக் காலத்து ராலியின் இரண்டு மலைகள். 2004 முதல் 2018 வரை, பதினைந்து வருடம், பட்டம் வாங்கியவர் பெயர் செபாஸ்டியன். முதல் ஒன்பது லோப், அடுத்த ஆறு ஓஜியே. இருவருமே பிரெஞ்சுக்காரர்கள், இருவருமே பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. லோப் சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர், பிறகு எலெக்ட்ரீஷியன் வேலை. ஓஜியே ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் காப் ஊர்க்காரர். மெக்கானிக் படித்தவர், பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுத்தவர். கார் பந்தயம் என்றால் அப்பா கையில் காசு வேண்டும் என்பது பொதுவிதி. பிரான்சில் இதற்கு ஒரு ஓட்டை இருந்தது. அங்கத்திய மோட்டார் சங்கம் இளைஞர்களுக்கு ஒரு தேர்வுப் போட்டி நடத்தும். யார் வேண்டுமானாலும் சொற்பக் கட்டணம் கட்டி வந்து, அவர்கள் தரும் காரில் ஓட்டிக் காட்டலாம். இருவரும் கண்ணில் பட்டது அங்கேதான். லோப் 90-களின் நடுவில், ஓஜியே 2005-ல்.

பிறகு ஜூனியர் பட்டம், பிறகு சிட்ரோயன் தொழிற்சாலை அணி. லோபின் வேகத்தைவிட எனக்கு அவருடைய 2006 தான் பிடிக்கும். அந்த வருடம் பன்னிரண்டு ராலிகளில் எட்டை ஜெயித்து மற்றவர்களைத் தூரத்தில் விட்டிருந்தார். செப்டம்பரில் சும்மா சைக்கிள் ஓட்டப் போய் விழுந்து மேல்கையை உடைத்துக்கொண்டார். மிச்சமிருந்த நான்கு ராலிக்கும் வர முடியாது. போர்டு அணியின் மார்கஸ் கிரோன்ஹோமுக்கு வழி திறந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் அவர் காரை உருட்டிவிட்டார். வீட்டில் கையில் கட்டோடு இருந்த லோப் 112-க்கு 111 என்று ஒரு புள்ளியில் சாம்பியன். சேர்த்துவைத்த புள்ளி கஷ்டகாலத்தில் கைகொடுத்தது, சிறுவாட்டுப் பணம் மாதிரி.

ஓஜியேயின் கதையில் முக்கியமான இடம் அவர் ஜெயிக்காத ஒரு வருடம். 2011-ல் சிட்ரோயனில் லோபும் ஓஜியேயும் ஒரே கூடாரத்தில். ஒரு உறையில் இரண்டு வாள். நிறுவனம் லோப் பக்கம் சாய்ந்தது, ஓஜியே வெளியேறினார். போன இடம் ஃபோக்ஸ்வாகன். ஆனால் அவர்களுடைய கார் இன்னும் தயாராகவே இல்லை. 2012 முழுக்க அவர் சக்தி குறைந்த கீழ் வகுப்பு ஸ்கோடா காரில் ராலிகளை ஓட்டிக்கொண்டு, இடையில் ஃபோக்ஸ்வாகன் போலோவைச் சோதனை செய்துகொண்டிருந்தார். உலகின் மிக வேகமான இரண்டு மூன்று பேரில் ஒருவர், ஜெயிக்க வாய்ப்பே இல்லாத காரில் ஒரு வருடம்! 2013-ல் போலோ வந்தது. 2016 வரை நான்கு பட்டங்கள் தொடர்ச்சியாக ஓஜியேவுக்கு, நான்கு தயாரிப்பாளர் பட்டங்கள் ஃபோக்ஸ்வாகனுக்கு.

ஓட்டுநரை மட்டும் பார்த்தால் கதை பாதிதான் என்பது இதிலிருந்தே புரிந்திருக்கும். வரலாறும் அதையே சொல்கிறது. உலக ராலி சாம்பியன்ஷிப் தொடங்கியது 1973. முதல் பட்டம் பிரான்சின் அல்பீன்-ரெனோ கம்பெனிக்கு. ஓட்டுநருக்கு உலக சாம்பியன் பட்டம் என்று ஒன்று வந்ததே 1979-ல்தான். சுவீடனின் பியோர்ன் வால்டகோர்ட் ஒரே புள்ளியில் வாங்கினார். அதாவது முதல் ஆறு வருடம் இது கார்க் கம்பெனிகளின் போட்டி, ஓட்டியவர் சம்பளக்காரர். அந்த வாடை இன்னும் போகவில்லை.

கம்பெனிகளுக்கு இதில் என்ன லாபம்? கடையில் விற்கும் காரின் சாயலில் ஒரு கார் சேற்றிலும் பனியிலும் பறப்பதைப் பார்த்தால் அந்தக் கார் விற்கும், அவ்வளவுதான். 1981-ல் ஆடி கம்பெனி நான்கு சக்கரங்களையும் இஞ்சின் சுழற்றும் குவாட்ரோவைக் கொண்டுவந்தபோது, ராலிக்கு இவ்வளவு கனமான ஏற்பாடு சரிப்படாது என்றவர்கள் இருந்தார்கள். சில வருடங்களில் நான்கு சக்கர இழுவை இல்லாமல் ஜெயிக்கவே முடியாது என்று ஆகிவிட்டது.

குவாட்ரோவை ஓட்டியவர்களில் ஒருவர் பிரான்சின் மிஷேல் மூதோன். 1982-ல் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று ராலிகளை ஜெயித்தார். எதிரில் ஜெர்மனியின் வால்டர் ரோர்ல், பின்சக்கர இழுவை கொண்ட பழைய பாணி ஓப்பல் காரில். ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் வேளையில் மூதோனின் அப்பா இறந்துபோனார். அப்படியும் ஓட்டினார். நெடுந்தூரம் முன்னணியில் இருந்தவரை முதலில் கியர்பாக்ஸ் படுத்தியது, பிறகு கார் கவிழ்ந்தது. இரண்டே ராலி ஜெயித்த ரோர்ல் சாம்பியன். ஆடிக்கோ தயாரிப்பாளர் பட்டம். ஒரு பெண் உலக ராலி பட்டத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த வருடம் அப்படியே புரண்டது: ஓட்டுநர் பட்டம் ஆடியின் ஹன்னு மிக்கோலாவுக்கு, தயாரிப்பாளர் பட்டம் லான்சியாவுக்கு. ஜப்பானில் 2024-ல் நடந்தது புதுசே இல்லை.

அந்தக் காலத்துக் கார்களுக்கு குரூப் பி என்று பெயர். சக்திக்கு வரம்பே இல்லாத மாதிரி, சாலையோரத்தில் கைநீட்டித் தொடும் தூரத்தில் ஜனம். 1986 மே 2-ஆம் தேதி கோர்சிகா தீவில் ஹென்றி டோய்வொனெனும் அவருடைய கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் ஓட்டிய லான்சியா பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருவருமே மீளவில்லை. அடுத்த வருடத்திலிருந்து குரூப் பி தடை. அதற்கெனக் கோடிகளைக் கொட்டிய கம்பெனிகள் சில மூட்டை கட்டின. கையில் டெல்டா என்ற சாதாரணக் காரை வைத்திருந்த லான்சியா 1987 முதல் 1992 வரை ஆறு தயாரிப்பாளர் பட்டங்களை வரிசையாக அள்ளியது. மொத்தம் பத்து. அதை இன்னும் யாரும் தொடவில்லை. 2025 முடிவில் டொயோட்டா ஒன்பதில் நிற்கிறது.

டொயோட்டா அந்த ஒன்பதுக்கு வந்த பாதை நேர்ப்பாதை அல்ல. 1995-ல் அவர்களுடைய டர்போவில் ஒரு தில்லுமுல்லு பிடிபட்டது. இஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விட ஒரு வளையம் பொருத்த வேண்டும் என்பது விதி. பரிசோதகர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும்படி, ஆனால் ஓடும்போது வளையத்தைத் தாண்டிக் காற்று போகும்படி செய்திருந்தார்கள். பன்னிரண்டு மாதத் தடை. ஓட்டுநர்கள் சேர்த்த புள்ளிகளும் பறிபோயின, நான்கு முறை சாம்பியனான யுஹா கன்க்குனெனுடையதும் சேர்த்து. காருக்குள் உட்கார்ந்து ஓட்டியவருக்கு அந்த வளையத்தில் என்ன சம்பந்தம்? ஆனால் விதி அப்படி.

கம்பெனி போனால் ஓட்டுநர் கதி? ஃபோக்ஸ்வாகன் டீசல் புகை மோசடியில் மாட்டிச் செலவைக் குறைக்கத் தொடங்கி, 2016 நவம்பரில், பட்டம் வாங்கிய சூட்டோடு, ராலியை விட்டுப் போகிறோம் என்று அறிவித்தது. நான்கு முறை சாம்பியன் ஓஜியேவுக்கு வேலை இல்லை. அவரைச் சேர்த்துக்கொண்டது எம்-ஸ்போர்ட். இங்கிலாந்தின் கம்பிரியாவில் மால்கம் வில்சன் என்ற முன்னாள் ராலி ஓட்டுநர் நடத்தும் தனியார் அணி. போர்டு கார்களைக் கட்டுவார்கள், ஆனால் பெரிய கம்பெனிப் பணம் கிடையாது. அந்த அணியில் 2017, 2018 இரண்டு வருடமும் ஓஜியே சாம்பியன். கார் நல்லதாக இருந்ததால்தான் ஜெயிக்கிறான் என்று பேசிய வாய்களை இந்த இரண்டு பட்டங்கள் அடைத்தன. என் கணக்கில் அவருடைய ஒன்பதில் இந்த இரண்டுக்கும்தான் எடை அதிகம்.

அணி என்றால் கம்பெனிச் சின்னம் மட்டுமல்ல, சர்வீஸ் பார்க்கில் முட்டி போட்டு வேலை செய்கிற மெக்கானிக்குகள். சாயங்காலம் கார் வந்ததும் சுமார் முக்கால் மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் சஸ்பென்ஷன், பிரேக், தேவையானால் கியர்பாக்ஸ் வரை கழற்றி மாட்டி வெளியே அனுப்ப வேண்டும். தாமதித்தால் நிமிடத்துக்கு இத்தனை விநாடி என்று அபராதம். 2014-ல் ஜெர்மனி ராலிக்கு முந்திய ஒத்திகை ஓட்டத்தில் நூவில் தன் ஹூண்டாயைத் திராட்சைத் தோட்டத்துக்குள் பலமுறை உருட்டினார். கார் கிட்டத்தட்ட பழைய இரும்பு. மெக்கானிக்குகள் அதை மறுபடி கட்டி நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில் நூவில் ஜெயித்தார். ஹூண்டாய் வரலாற்றில் முதல் ராலி வெற்றி அது.

ஆனால் சர்வீஸ் பார்க்குக்கு வெளியே காரில் கைவைக்கலாம் என்றால் அது ஓட்டுநரும் கோ-டிரைவரும் மட்டுமே. அதே 2014-ல் மெக்சிகோவில், கடைசி ஸ்டேஜ் முடிந்து திரும்பும் பொதுச் சாலையில் நூவிலின் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. தண்ணீர் இல்லை. அப்போதுதான் பரிசாகக் கொடுத்திருந்த ஒரு பெரிய பீர் பாட்டில் காரில் இருந்தது. ரேடியேட்டருக்குள் அதை ஊற்றிக் காரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்து மூன்றாமிடத்தைக் காப்பாற்றினார்கள். அக்கா மகன் இதைத்தான் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னான்.

இந்த நூவில் பட்டத்துக்குக் காத்திருந்த காலம் கொஞ்சமல்ல. 2013-ல் இரண்டாமிடம். 2016, 2017, 2018, 2019 என்று வரிசையாக நான்கு வருடம் இரண்டாமிடம். 2021 தொடங்கும்போது பல வருடக் கோ-டிரைவரைப் பிரிந்து, மாண்டி கார்லோவுக்குச் சில நாள் முன்னால் மார்ட்டைன் வைடாஹே என்ற புதியவரை உட்காரவைத்தார். 2024-ல்தான் வந்தது, அதுவும் ஜப்பானில் டானக் மோதியதால். அதிர்ஷ்டம் என்பவர்கள் அதற்கு முந்தைய பத்து வருடத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

பட்டம் கைக்கு வந்து போனவர்களும் உண்டு. பின்லாந்தின் மார்க்கு அலேன் 1986-ல் பதினொரு நாள் உலக சாம்பியனாக இருந்தார். இத்தாலியில் பெஜோ கார்களை விதிமீறல் என்று தகுதிநீக்கம் செய்திருந்தார்கள். அது தவறு என்று பிறகு முடிவாகி, அந்த ராலியின் முடிவையே ரத்து செய்தார்கள். புள்ளிகள் மாறின, பட்டம் பெஜோ ஓட்டிய கன்க்குனெனுக்குப் போனது. ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ் கதை இன்னும் கொடுமை. இன்றைய ஃபார்முலா 1 ஓட்டுநரின் அப்பாதான். 1998 கடைசி ராலி, கடைசி ஸ்டேஜ், வேல்ஸின் மார்கம் பூங்கா. நான்காவதாக வந்தாலே மூன்றாவது முறையாக சாம்பியன். நான்காவதாகவே ஓடிக்கொண்டிருந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது டொயோட்டாவின் இஞ்சின் நின்றது. கோ-டிரைவர் லூயிஸ் மோயா ஹெல்மெட்டைக் கழற்றிக் காரின் பின்கண்ணாடி மேலேயே வீசினார். பட்டம் யாருக்கு? முதல் நாளே சாலையில் சிந்திய எண்ணெயில் வழுக்கிச் சக்கரத்தை இழந்து, எல்லாம் முடிந்தது என்று ஊருக்குக் கிளம்ப இருந்த மாக்கினெனுக்கு. அது அவருடைய மூன்றாவது.

நம் பக்கத்துத் தொடர்பு என்றால், உலகப் பட்டம் அருகில் நாம் இன்னும் போகவில்லை. ஆனால் கென்யாவின் சஃபாரி ராலியில் இந்திய வம்சாவளி ஓட்டுநர் சேகர் மேத்தா ஐந்து முறை முதலிடம்: 1973-ல் ஒன்று, பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு. உலகப் பட்டம் வாங்காவிட்டாலும் அந்த மண்ணில் அவர்தான் ராஜா. சென்னையின் எம்.ஆர்.எஃப் டயர் போட்ட ஸ்கோடாவில் ஸ்பெயினின் எஃப்ரேன் யாரேனா 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் அப்பா, கோயம்புத்தூர்க்காரர், ஒரு காலத்தில் தேசிய ராலி சாம்பியன்.

இப்போதைய தலைமுறைக்கு வருவோம். ரோவன்பெராவின் அப்பா ஹாரியும் உலக ராலி ஓட்டுநர், 2001-ல் சுவீடனில் ஜெயித்தவர். பையன் எட்டு வயதிலேயே ஸ்டியரிங் பிடித்தான். 2022 அக்டோபரில், இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள், உலக சாம்பியன். அதற்கு முன் மிக இளையவர் மக்ரே, 27 வயதில். அடுத்த வருடமும் பட்டம் வாங்கிவிட்டு, 2024-ல் பாதி ஓய்வு எடுத்துக்கொண்டார். 2025 முடிந்ததும் ராலியையே விட்டுவிட்டு வட்டப்பாதைப் பந்தயத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். 25 வயதில் இரண்டு பட்டத்தோடு ஒருவர் சாவகாசமாக எழுந்து போகிறார். ஐந்து முறை இரண்டாமிடம் வந்து முப்பத்தாறில் முதல் பட்டம் பார்த்தவர் அங்கேயே இருக்கிறார்.

2025-ன் கடைசி ராலி சவூதி அரேபியாவில். டொயோட்டா அணிக்குள்ளேயே போட்டி: ஓஜியேயும் வேல்ஸின் எல்ஃபின் எவன்ஸும். எவன்ஸ் எல்லா ராலிக்கும் வந்தார், வருடத்தின் பெரும்பகுதி முன்னணியில் இருந்து சரளை பெருக்கினார். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று குறைந்த ராலிகளோடு வருடத்தைத் தொடங்கிய ஓஜியே, பதினான்கில் மூன்றுக்கு வரவேயில்லை. வந்த பதினொன்றில் ஆறை ஜெயித்தார். வராத ராலிக்குப் புள்ளி ஏது என்று மேலே எழுதினேன், இல்லையா? வந்தபோதெல்லாம் இப்படி ஓட்டினால் அந்தக் கணக்கும் பொய்யாகும். நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஓஜியேவுக்கு ஒன்பதாவது பட்டம், லோபோடு சமம்.

எவன்ஸுக்கு இரண்டாமிடம். "இது எத்தனாவது தடவை மாமா?" என்றான் அக்கா மகன். எண்ணிப் பார்த்தோம்: 2020, 2021, 2023, 2024, 2025. நூவிலுக்கும் சரியாக அத்தனைதான் இருந்தது.